அஞ்சற்காரர் பூங்காவில் ஒரு நடுகல் சுவர்

இலண்டன் மாநகரின் தொன்மையான நகர்ப்பகுதியை மக்கள் 'சதுர மைல்' என்றே வழங்குகின்றனர். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வணிக மாளிகைகளும் அங்கே தோளோடு தோள் உரசி நிற்கின்றன. பகலில் பல இலட்சம் பேர் பணியாற்றும் அவ்விடத்தில் இரவில் தங்குவோர் சில ஆயிரவரே. அதன் நடுவே செயிண்ட் பால் பேராலயத்தின் குவிமாடம் வானளாவி நிற்கிறது. டிரஃபால்கர் கடற்போரில் மடிந்த நெல்சனும், நெப்போலியனை வாட்டர்லூவில் வென்ற வெல்லிங்டனும் அப்பேராலயத்தின் நிலவறையில் துயில்கின்றனர். அவர்களுடைய கல்லறைகளைக் காண உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் நாள்தோறும் வந்த வண்ணம் உள்ளனர்.

அப்பேராலயத்திலிருந்து வடக்கு நோக்கிச் சில நிமிடங்கள் நடந்தால் ஆல்டர்ஸ்கேட் தெருவில் புனித பொட்டால்ஃப் ஆலயம் தென்படும். அதன் அருகில் ஓர் இரும்புக் கதவு. அதனுள் நுழைந்தால் ஒரு சிறு பூங்கா. பேருந்துகளின் இரைச்சல் சட்டென்று தணிந்துவிடுகிறது. சில மரங்கள், மலர்ப்பாத்திகள், ஒரு சிறு நீரூற்று, வரிசையாக மரப் பெஞ்சுகள். நண்பகல் உணவு வேளையில் அலுவலர்கள் கையில் உணவுப் பொட்டலத்துடன் வந்து அமர்கின்றனர். அரைமணி நேரத்தில் எழுந்து செல்கின்றனர். ஆங்கிலத்தில் இதன் பெயர் போஸ்ட்மேன்ஸ் பார்க். அஞ்சற்காரர் பூங்கா என நாம் தமிழாக்கிக் கொள்ளலாம்.

இம்மாநகரில் பல்லாண்டுகளாக வாழும் நம்மவருள் இப்பூங்காவைப் பார்த்திராதவர் பலர் இருக்கக்கூடும். தமிழ்க் கவிதையிலும் தமிழ் மரபிலும் தோய்ந்தவர்கள் ஒருமுறையேனும் காண வேண்டிய இடம் இது. ஏனெனில், இங்கே ஒரு சுவர் இருக்கிறது. நடுகல் மரபில் வந்த நமக்கு அச்சுவர் அந்நியமாகத் தோன்றாது.

இடுகாடு பூங்காவான கதை

இப்பூங்காவின் தரை, சுற்றியுள்ள தெருக்களைவிட உயர்ந்திருப்பதைக் கூர்ந்து நோக்குவோர் உணரலாம். அவ்வுயரத்திற்குக் காரணம் மண்மேடன்று. இஃது ஒருகாலத்தில் இடுகாடாக இருந்தது. நெருக்கடி மிகுந்த இலண்டனில் பிணங்களைப் புதைக்க இடம் போதாமையால், பழைய புதைகுழிகளின்மீதே உடல்களைக் கிடத்தி அவற்றின்மேல் மண்ணை இட்டு மூடினர். தலைமுறை தலைமுறையாக இவ்வாறு செய்தமையால் நிலமே உயர்ந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் காலரா நோய் மீண்டும் மீண்டும் பரவியபோது, நகர் நடுவே உள்ள இடுகாடுகள் நோய்க்கு இருப்பிடமாகும் என்ற அச்சம் வளர்ந்தது. 1850-களின் தொடக்கத்தில் இயற்றப்பட்ட சட்டங்கள் வழியாக மாநகருக்குள் புதைக்கும் வழக்கம் முடிவுக்கு வந்தது. பயனற்றுக் கிடந்த இடுகாடுகளைப் பொதுமக்களுக்கான தோட்டங்களாக மாற்றும் முயற்சி அதன் பின்னர்த் தோன்றிற்று.

புனித பொட்டால்ஃப் ஆலயத்தின் இடுகாடு 1880ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 28ஆம் நாள் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில், அதனை ஒட்டியிருந்த வேறிரண்டு ஆலயங்களின் இடுகாடுகளும் அதனுடன் இணைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று புனித லெனார்டு ஆலயத்திற்கு உரியது. அவ்வாலயம் 1666ஆம் ஆண்டின் பெருந்தீயில் அழிந்து, மீண்டும் கட்டப்படாமலே போயிற்று. மற்றொன்று கிரைஸ்ட் சர்ச் கிரேஃபிரையர்ஸ் ஆலயத்திற்கு உரியது; அவ்வாலயம் 1940ஆம் ஆண்டு டிசம்பரில் செர்மானிய விமானத் தாக்குதலில் எரிந்தது. கோயில்கள் போயின, அவற்றின் இறந்தோர் உறங்கும் நிலம் மட்டும் பசுமையாக எஞ்சியது. பழைய கல்லறைக் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு மதிலோரமாகச் சாத்தி வைக்கப்பட்டுள்ளதை இன்றும் காணலாம். அவற்றிற் பலவற்றில் எழுத்துகள் தேய்ந்துவிட்டன.

அக்காலத்தில் இப்பூங்காவின் அருகேதான் பிரித்தானிய அஞ்சல் துறையின் தலைமையகம் இருந்தது. அங்குப் பணிபுரிந்தோர் ஓய்வு வேளைகளில் இங்கே வந்து அமர்வது வழக்கமாயிற்று. மக்கள் வாயில் வழங்கிய பெயரே நிலைத்தது. இன்று அஞ்சல் தலைமையகம் அங்கு இல்லை. கடிதம் சுமந்த மனிதர் வந்து அமர்ந்தமைக்கு அப்பெயர் ஒன்றே சான்றாக எஞ்சி நிற்கிறது.

ஓர் ஓவியரின் கடிதம்

1887ஆம் ஆண்டு விக்டோரியா அரசியார் அரியணை ஏறிய ஐம்பதாம் ஆண்டு. பொன்விழாவையொட்டிப் பேரரசெங்கும் சிலைகளும் மண்டபங்களும் எழும்பிக் கொண்டிருந்தன. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் 'தி டைம்ஸ்' நாளிதழில் ஒரு கடிதம் வெளியாயிற்று. எழுதியவர் அந்நாளில் இங்கிலாந்தின் தலைசிறந்த ஓவியர்களுள் ஒருவராக மதிக்கப்பெற்ற ஜார்ஜ் ஃபிரெடரிக் வாட்ஸ். கண்கள் கட்டப்பட்ட ஒரு பெண், நரம்புகள் அறுந்து ஒற்றை நரம்பே எஞ்சிய யாழை ஏந்தி, உலக உருண்டையின்மேல் குனிந்து அமர்ந்திருக்கும் 'நம்பிக்கை' என்னும் ஓவியத்தை 1886இல் தீட்டியவர் இவரே.

வாட்ஸ் 1817ஆம் ஆண்டு இலண்டனில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். அவர் தந்தையார் பியானோ செய்யும் தொழிலாளர். புகழின் உச்சிக்குச் சென்ற பின்னரும், அரசு அளிக்க முன்வந்த பரம்பரைப் பட்டத்தை இருமுறை மறுத்தவர். பொன்விழாவுக்கு அவர் முன்வைத்த கருத்து புதுமையானது. பிறர் உயிரைக் காக்கத் தம் உயிரை ஈந்த எளிய மக்களின் பெயர்களைத் திரட்டிப் பொதுவிடத்தில் பொறித்து வைக்க வேண்டும் என்பதே அது. ஒரு நாட்டின் பொருள் வளம் நிலைத்த உடைமையாகாது. அந்நாட்டு மக்களின் செயல்களே நிலைத்த உடைமை என்ற கருத்தை அவர் அக்கடிதத்தில் வலியுறுத்தினார். சான்றாக, இரண்டாண்டுகளுக்கு முன்னர்த் தீயில் புகுந்து குழந்தைகளைக் காத்து மாண்ட ஆலிஸ் அயர்ஸ் என்ற இளம்பெண்ணைக் குறிப்பிட்டார்.

கடிதத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. ஹைட் பார்க்கைச் சுற்றி ஒரு குதிரைப் பந்தயத் தடம் அமைக்கலாம் எனத் தாம் எழுதியிருந்தால் ஆதரவாளர் பலர் கிடைத்திருப்பர் என்று வாட்ஸ் பின்னர் மனம் கசந்து கூறியதாகத் தெரிகிறது. ஆயினும் அவர் கைவிடவில்லை. இத்தகைய உயிர்க்கொடை பற்றிய செய்திகளை நாளிதழ்களிலிருந்து கத்தரித்துச் சேர்த்து வந்தார். அவருடைய துணைவியார் மேரி வாட்ஸும் இப்பணியில் துணை நின்றார்.

பதினோராண்டுகள் கழிந்தன. இதற்கிடையே பூங்காவின் ஒரு பகுதி நிலம் கட்டடம் எழுப்புவதற்குப் போய்விடும் நிலை ஏற்பட்டது. அதனைக் காக்க நிதி திரட்டப்பட்டு வந்த காலத்தில், புனித பொட்டால்ஃப் ஆலயத்தின் குருவான ஹென்றி கேம்பிள் 1898இல் வாட்ஸை அணுகினார். நிலம் தப்பியது, ஓவியரின் கனவுக்கும் இடம் கிடைத்தது. எர்னெஸ்ட் ஜார்ஜ் என்ற கட்டடக் கலைஞர் ஐம்பது அடி நீளமும் ஒன்பது அடி உயரமும் கொண்ட மரத் தாழ்வாரம் ஒன்றை வடிவமைத்தார். மழையில் நனையாமல் நின்று படிக்குமாறு கூரையிட்ட அத்தாழ்வாரத்தின் பின்சுவரில் 120 நினைவுப் பலகைகளுக்கு இடம் விடப்பட்டது. செலவை வாட்ஸே ஏற்றார். 1900ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் இலண்டன் மாநகரத் தலைவரும் இலண்டன் ஆயரும் கூடித் திறந்து வைத்தனர். முதுமையாலும் நோயாலும் வாட்ஸ் வர இயலவில்லை. மேரி அம்மையார் அவர் சார்பில் வந்திருந்தார். அன்று சுவரில் இருந்தவை நான்கே பலகைகள்.

சுவரில் வாழ்வோர்

பலகைகள் மெருகேற்றிய பீங்கான் ஓடுகளால் ஆனவை. அந்நாளில் பீங்கான் கலையில் புகழ்பெற்றிருந்த வில்லியம் டி மார்கன் முதற் பலகைகளைச் செய்து கொடுத்தார். அவற்றில் எழுதப்பட்டவர்கள் யார்? படைத்தலைவர் இல்லை, அமைச்சர் இல்லை, செல்வர் இல்லை. இரயில் எஞ்சின் ஓட்டுநர், காவலர், தீயணைப்போர், கப்பற் பணிப்பெண், எழுத்தர், பள்ளிச் சிறுவர், கழிவுநீர் நிலையத் தொழிலாளர்.

வால்டர் பியர்ட், ஹாரி டீன் இருவரும் வின்ட்சர் விரைவு வண்டியின் ஓட்டுநரும் கரி தள்ளுபவரும். 1898ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று எஞ்சின் உடைந்து, கொதிநீராவியும் தீயும் தம்மைச் சுட்டெரிக்கும்போதும் வண்டியை நிறுத்திப் பயணிகளைக் காத்து மாண்டனர். மேரி ராஜர்ஸ் 'ஸ்டெல்லா' என்னும் பயணிகள் கப்பலில் பணிப்பெண். 1899ஆம் ஆண்டு மார்ச் 30 அன்று ஆங்கிலக் கால்வாயில் அக்கப்பல் பாறையில் மோதி மூழ்கியபோது, தம் மிதவைக் கச்சையைப் பிறர்க்கு ஈந்துவிட்டுக் கப்பலோடு மூழ்கினார். டேனியல் பெம்பர்டன் இரயில்பாதைத் தொழிலாளரின் மேற்பார்வையாளர். 1903இல் பாதையை அளந்து கொண்டிருக்கையில் வண்டி வந்துவிடவே, உடனிருந்த தோழனைத் தூக்கி எறிந்து காப்பாற்றிவிட்டுத் தாம் அகப்பட்டுக் கொண்டார்.

மருத்துவர் சாமுவேல் ராபெத், தொண்டையடைப்பான் நோயுற்ற ஒரு குழந்தையைக் காக்க முயன்று, அந்நோயாலேயே 1884இல் இறந்தார். ஜான் கிரான்மர் என்ற இருபத்து மூன்று வயது எழுத்தர் 1901இல் பெல்ஜிய நாட்டு ஆஸ்டென்ட் நகரருகே கடலில் ஒருவரைக் காத்து மூழ்கினார். காக்கப்பட்டவர் அவருக்கு அறிமுகமற்றவர், வேற்று நாட்டவர் என்பதைப் பலகை தனியே குறிக்கிறது. சாரா ஸ்மித் ஒரு நாடக மேடைக் கலைஞர். தோழியின் உடையில் தீப்பற்றியபோது, எளிதில் எரியும் மேடையுடையுடன் தாமே பாய்ந்து அணைக்க முயன்று 1863இல் உயிர் நீத்தார்.

பத்து வயதுச் சிறுவன் ஹாரி சிஸ்லி நீரில் மூழ்கவிருந்து காப்பாற்றப்பட்டவன். கரையேறிய அக்கணமே, இன்னும் நீருக்குள் இருந்த தன் தம்பியைக் காக்க மீண்டும் குதித்தான், மீளவில்லை. இது 1878ஆம் ஆண்டு மே 24. பதினொரு வயதுச் சாலமன் கலமன், 1901இல் கமர்சியல் தெருவில் வண்டிச் சக்கரத்தில் அகப்பட இருந்த தம்பியைக் காத்துத் தான் அடிபட்டான். தம்பியைக் காத்துவிட்டேன், என்னைக் காத்துக்கொள்ள முடியவில்லை என்று அன்னையிடம் அவன் கூறிய சொற்களைப் பலகை பதிவு செய்துள்ளது. ஹெர்பர்ட் மக்கோனகு என்ற பதின்மூன்று வயது மாணவன், தன் பள்ளித் தோழர் இருவரைக் காக்க முயன்று டெவன் கடற்கரையில் 1882இல் மூழ்கினான். அவனுடைய பலகையைப் படிக்கும் நமக்கு ஒரு குறிப்பு நெஞ்சில் தைக்கிறது: அப்போது அவன் பெற்றோர் இந்தியாவில் இருந்தனர்.

நம்மவர்க்கு மற்றொரு பலகை மிக நெருக்கமானது. ஈஸ்ட் ஹாம் என்றவுடன் நமக்கு நினைவில் எழுவன தமிழ்க் கடைகளும் கோயில்களும் நம் பேச்சொலி கேட்கும் கடைத்தெருவும். 1895ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அதே ஈஸ்ட் ஹாமின் கழிவுநீர் ஏற்று நிலையத்தில் ஒரு தொழிலாளர் அகப்பட்டுக் கொண்டார். அவரை மீட்க முயன்று தம் உயிரை இழந்த மில்ஸ், ரட்டர், டியூரன்ட், ஜோன்ஸ் என்னும் நால்வரின் பெயர்கள் இச்சுவரில் உள்ளன. கழிவுநீர்க் குழிக்குள் மயங்கி வீழ்ந்த தோழனைத் தூக்கச் சென்றவரும் வீழ்ந்தார் என்ற செய்தி, தமிழ்நாட்டு நாளிதழ்களில் இந்த நூற்றாண்டிலும் வந்து கொண்டுதான் இருக்கிறது. அவர்கள் பெயரை எந்தச் சுவரில் எழுதினோம் என்ற கேள்வியை இப்பலகையின்முன் நிற்கும் தமிழன் தவிர்க்க இயலாது.

ஒரு பெண்ணும் ஒரு பலகையும்

வரலாற்று நோக்கில் ஆராய்வோர்க்கு ஆலிஸ் அயர்ஸின் பலகை தனியாக நோக்கத்தக்கது. இலண்டனின் பரோ பகுதியில் யூனியன் தெருவில் எண்ணெயும் வண்ணமும் விற்கும் கடை ஒன்று இருந்தது. 1885ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று இரவு கடையில் தீப்பற்றி மேல்மாடிக்குப் பரவியது. இருபத்தைந்து வயதான ஆலிஸ் சாளரத்தில் தோன்றினார். குதித்துவிடுமாறு தெருவில் கூடியோர் கூவினர். அவரோ மெத்தையொன்றைச் சாளரத்தின் வழியே கீழே தள்ளி, உள்ளே திரும்பி, குழந்தையொன்றைக் கொணர்ந்து மெத்தைமீது போட்டார். மீண்டும் உள்ளே சென்றார். மீண்டும் ஒரு குழந்தை. மூன்றாம் முறையும் அவ்வாறே. இறுதியில் தாம் குதிக்க முற்பட்டபோது புகையால் வலுவிழந்திருந்தார். கடையின் பெயர்ப்பலகையில் மோதிக் கீழே வீழ்ந்து முதுகெலும்பு நொறுங்கி, இரண்டு நாள்களுக்குப் பின் மருத்துவமனையில் உயிர் துறந்தார். குழந்தைகளின் பெற்றோர் தீயில் மாண்டனர்.

வாட்ஸ் தம் கடிதத்தில் இப்பெண்ணை எல்லா வேலையும் செய்யும் பணிப்பெண் எனக் குறித்தார். நாளிதழ்களும் பாட நூல்களும் எசமானரின் குழந்தைகளுக்காக உயிர் ஈந்த வேலைக்காரியாகவே அவரைப் போற்றின. உண்மை சற்று வேறானது. அவ்வீட்டுத் தலைவி ஆலிஸின் உடன்பிறந்த அக்காள். குழந்தைகள் மூவரும் அவர் அக்காளின் மக்கள். பணிப்பெண்ணின் விசுவாசம் என மேல்தட்டு மக்கள் படித்து மகிழ்ந்த கதைக்குள் ஒரு சித்தியின் பாசம் மறைந்து கிடந்தது. சுவரில் உள்ள பலகை அவரைப் பணிப்பெண் எனக் குறிக்கவில்லை. கொத்தனாருக்குக் கையாளாக இருந்த ஒரு தொழிலாளியின் மகள் என்கிறது. ஆயினும் குழந்தைகள் அவருக்கு என்ன உறவு என்பதை அதுவும் கூறவில்லை.

நினைவுச் சின்னம் எழுப்புவோர், தாம் நினைவுகூர விரும்பும் வகையிலேயே இறந்தோரை வடிவமைத்து விடுகின்றனர் என்பதற்கு இஃதொரு சான்று. வாட்ஸின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. அவர் பெயர்களைத் தேர்ந்தது நாளிதழ்த் துணுக்குகளிலிருந்து. எனவே நாளிதழில் இடம்பெறாதோர் சுவரிலும் இடம்பெறவில்லை. ஆலிஸின் பெயரோ பின்னும் வளர்ந்தது. யூனியன் தெருவை அடுத்த ஒரு தெருவுக்கு 1936இல் அயர்ஸ் தெரு எனப் பெயரிட்டனர். 1997இல் பேட்ரிக் மார்பர் எழுதிய 'குளோசர்' நாடகத்தின் நாயகி, தன் பெயரை இப்பலகையிலிருந்தே எடுத்துக்கொள்கிறாள். 2004இல் அந்நாடகம் திரைப்படமானபோது இப்பூங்காவும் திரையில் தோன்றியது.

இங்கே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய பிறிதொன்றும் உண்டு. சிறுவன் ஹாரி சிஸ்லி மூழ்கிய 1878ஆம் ஆண்டை மீண்டும் நினைவுகூர்க. தாது வருடப் பஞ்சம் என நம் முன்னோர் நடுக்கத்துடன் பேசிய கொடும் பஞ்சம் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் தென்னிந்தியாவின் பிற பகுதிகளையும் சூறையாடிய காலம் அது. மாண்டோர் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என மதிப்பிடுவர். அப்பஞ்சத்தின் நடுவே, 1877 சனவரி முதல் நாள் தில்லியில் பெருவிழா எடுத்து விக்டோரியாவை இந்தியப் பேரரசி என அறிவித்தனர். தன் கஞ்சியைப் பிறர் குழந்தைக்கு ஊற்றிவிட்டுப் பட்டினி கிடந்து இறந்த தாய்மார் அக்கூட்டத்தில் இருந்திரார் என்று எவர் கூற வல்லார்? அதே அரசியின் ஆட்சியில், இலண்டன் சிறுவன் ஒருவனுக்குப் பெயரும் வயதும் நாளும் ஊரும் பொறித்த பலகை கிடைத்தது. சேலத்திலும் நெல்லூரிலும் பெல்லாரியிலும் மடிந்தோர்க்கு எண்ணிக்கை மட்டுமே கிடைத்தது. இதனைக் கூறுவது அச்சிறுவனின் பெருமையைக் குறைப்பதற்காக அன்று. ஒரு பெயரை எழுதி வைப்பதற்கு எத்தனை வாய்ப்புகள் கூடிவர வேண்டியிருக்கிறது என்பதை உணர்வதற்காகவே.

சொற்சுருக்கம்

கவிஞர்கள் இப்பலகைகளின் மொழியை ஊன்றிப் பார்க்க வேண்டும். பெயர், வயது, தொழில், செயல், இடம், நாள். பெரும்பாலான பலகைகளில் இவ்வளவே. அடைமொழிகள் சில உண்டு. ஆயினும் புலம்பல் இல்லை. மறுமையில் கிட்டும் இன்பம் பற்றிய பேச்சும் இல்லை. ஒரு வாழ்வு முழுவதும் முப்பது சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. சாரா ஸ்மித்தின் பலகையில், அவருடைய உடை எளிதில் தீப்பற்றக் கூடியது என்ற ஒரு சொல்லே முழு அவலத்தையும் சுமக்கிறது. மக்கோனகுவின் பலகையில் பெற்றோர் இந்தியாவில் இருந்தனர் என்ற குறிப்பு, கடல் கடந்து வரவிருக்கும் துயரச் செய்தியையும் நம்மை எண்ண வைக்கிறது. எழுதியவர் அவ்வளவும் கருதி எழுதினாரா என்பது வேறு. செய்தியைச் செய்தியாகவே சொல்லி நிறுத்தும்போது படிப்பவர் நெஞ்சம் எஞ்சியதை நிரப்பிக் கொள்கிறது.

இவ்வடிவம் நமக்குப் புதிதன்று. வீரனைக் கல்லில் நிறுத்தும் முறையைக் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில் தமிழ்பிராமி எழுத்துகளே பொறிக்கப்பட்டிருந்தன. செங்கம் பகுதி நடுகற்கள் இன்னாரின் சேவகன் இன்னான் இவ்வூரில் இவ்வாறு பட்டான் என்று சுருங்கச் சொல்லி நிறுத்துகின்றன. அப்பகுதியின் எடுத்தனூர்க் கல்லில், தலைவனோடு நின்று கள்வரைக் கடித்துக் காத்த கோவிவன் என்னும் நாய்க்கும் இடம் கொடுத்தனர், பல்லவர் காலத்து மக்கள். நம் கற்களிற் பெரும்பாலானவை ஆநிரைப் பூசலில் மடிந்தோர்க்கு உரியவை. அவர்கள் கொன்றும் மாண்டனர். இலண்டன் சுவரில் எழுதப்பட்டோர் எவரையும் கொல்லவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அது. ஊருக்காகவோ அயலார்க்காகவோ பட்டவனைப் பெயர் சொல்லி நிறுத்த வேண்டும் என்ற கடமையுணர்வே இரண்டுக்கும் பொது.

நின்றுபோன வரிசை

1902இல் மேலும் ஒன்பது பலகைகள் சேர்ந்தன. 1904 ஜூலை முதல் நாள் தம் 87ஆம் வயதில் வாட்ஸ் மறைந்தார். அவர் காலத்தில் சுவரில் இருந்தவை பதின்மூன்றே. மேரி அம்மையார் பணியைத் தொடர்ந்தார். தாழ்வாரத்தின் நடுவே வாட்ஸின் சிறு மரச் சிற்பம் ஒன்றும் வைக்கப்பட்டது. அதன் கையில் வீரர் பட்டியல் சுருள் இருக்கிறது. 1905இல் பதினொரு பலகைகள் சேர்ந்தன. அதன்பின் டி மார்கன் பீங்கான் தொழிலை விட்டுப் புதினம் எழுதச் சென்றுவிட்டார். டவுல்டன் நிறுவனத்தார் செய்த இருபத்து நான்கு பலகைகள் 1908இல் பதிக்கப்பட்டன. அவற்றின் தோற்றம் மேரி அம்மையாருக்கு நிறைவு தரவில்லை. காம்ப்டன் சிற்றூரில் தம் கணவர் பெயரால் அமைந்த ஓவியக் கூடத்தைப் பேணும் பணியிலும் அவர் கவனம் சென்றது.

முதல் உலகப் போரில், 1917 ஜூன் 13 அன்று இலண்டன்மீது நிகழ்ந்த விமானத் தாக்குதலின்போது, தொழிற்சாலைப் பெண்களைக் காத்து மடிந்த காவலர் ஆல்ஃபிரட் ஸ்மித்தின் பலகை 1919இல் சேர்ந்தது. 1930-31இல் இன்னும் சில பதிக்கப்பட்டன. பின்னர்ச் சுவர் அமைதியாயிற்று. இரண்டாம் உலகப் போரின் குண்டுமழையில் இலண்டனில் எத்தனையோ எளியோர் பிறரைக் காத்து மாண்டனர். ஒருவர் பெயரும் இங்கு ஏறவில்லை. எழுபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், 2009ஆம் ஆண்டு ஜூனில் ஒரு புதிய பலகை தோன்றியது. 2007இல் தேம்ஸ்மீட் பகுதியில் கால்வாயில் மூழ்கிய ஒன்பது வயதுச் சிறுவனைக் காத்துத் தாம் மூழ்கிய லீ பிட் என்ற முப்பது வயது அச்சகத் தொழிலாளருக்கு உரியது அது. இப்போது 54 பலகைகளில் 62 பேர் நினைவுகூரப்படுகின்றனர். 1972இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாகப் பட்டியலிடப்பட்ட இந்நினைவிடம், 2018இல் மேலும் உயர்ந்த பிரிவில் சேர்க்கப்பட்டது.

120 இடங்களுள் 66 வெறுமையாக இருக்கின்றன. அவ்வெற்றிடத்தைக் குறையாகக் கருதுவோர் உளர். பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் நம் வட்டத்தினர் அதனை வேறு வகையிலும் காணலாம். நாமும் ஒரு மலரை வெளியிட்டு நினைவைப் பேணுகிறோம். நம் கவிதைகளில் மன்னருக்கும் தலைவருக்கும் புகழ்பெற்ற புலவருக்கும் இடம் தாராளமாகக் கிடைத்திருக்கிறது. தாது வருடத்துத் தாய்க்கும், கழிவுநீர்க் குழியில் தோழனைத் தேடி இறங்கியவனுக்கும், எரியும் ஊரிலிருந்து அயலார் பிள்ளையைத் தோளில் சுமந்து வந்து எல்லையில் வீழ்ந்தவனுக்கும் நாம் எழுதிய வரிகள் எத்தனை? நம் குடும்பங்களில் வாய்மொழியாக மட்டும் உலவும் அத்தகைய பெயர்கள் நம்மில் ஒவ்வொருவருக்கும் ஒன்றிரண்டேனும் தெரியும். சொன்னவர்கள் மறைந்தால் பெயரும் மறையும். பெயர், ஊர், தொழில், செயல், நாள் என்ற அளவிலேனும் அவற்றை எழுதி வைக்க முப்பது சொற்கள் போதும் என்று அப்பலகைகள் காட்டுகின்றன.

பூங்காவுக்குச் செல்ல விரும்பும் அன்பர்கள் செயிண்ட் பால் பாதாள இரயில் நிலையத்தில் இறங்கி வடக்கே நடக்கலாம். நண்பகலில் சென்றால் பெஞ்சில் இடம் கிடைப்பது அரிது. தாழ்வாரத்தின்கீழ் நின்று படிக்க எப்பொழுதும் இடமுண்டு. பலகைகள் சிறியன. படித்து முடிக்க அரைமணி நேரம் ஆகும். கீழ் வரிசைகளில் ஒன்றும் எழுதப்படவில்லை.